தேடுபொறி அப்டேட் வந்தால் தளத்தின் வருகை ஏன் விழுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனியாளாகவோ இரண்டு மூன்று பேராகவோ இணையதளம் நடத்துகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். தேடுபொறி என்று சொல்லும் இடமெல்லாம் கூகுளைத்தான் மனத்தில் வைத்திருக்கிறேன். அப்டேட் என்றால், தேடல் முடிவுகளில் எந்தப் பக்கத்தை எந்த இடத்தில் காட்டுவது என்று முடிவு செய்யும் முறையை (அல்காரிதத்தை) அவர்கள் மாற்றுவது. நம் தளங்களுக்குத் தேடல் வழியாக வரும் வாசகர்களில் பெரும்பாலோர் அங்கிருந்துதான் வருகிறார்கள். பல வருட உழைப்பு ஒரே வாரத்தில் கரைந்துபோனது போலத் தெரியும்போது வரும் பதற்றம் எனக்குப் புரியும். அந்தப் பதற்றத்தில் எடுத்த முடிவுகள் அப்டேட்டைவிட அதிகச் சேதம் செய்ததைப் பலமுறை பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் தளத்துக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை திடீரென்று பாதியாகிவிட்டது. கூகுள் அப்டேட்தான் காரணமா?

இருக்கலாம். ஆனால் அதைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். முதலில் வீட்டுக்குள் தேட வேண்டும்.

சர்வர் இரவில் நின்று நின்று ஓடியிருக்கலாம். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகியிருக்கலாம். வருகையை எண்ணும் அனலிடிக்ஸ் நிரல், புது டெம்ப்ளேட் போட்டபோது விடுபட்டிருக்கலாம். அப்படியானால் வாசகர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், எண்ணுவதுதான் நின்றிருக்கிறது. நான் உதவப் போன ஒரு சமையல் தளத்தில், புது வடிவமைப்பைச் சோதிக்கும்போது வேர்ட்பிரஸ்ஸில் 'தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம்' என்ற பெட்டியில் டிக் போட்டிருந்தார்கள். சோதனை முடிந்தும் அதை எடுக்கவில்லை. மூன்று வாரமாக அவர்கள் அல்காரிதத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு டிக்கை எடுத்ததும் பக்கங்கள் ஒவ்வொன்றாகத் தேடலுக்குத் திரும்ப ஆரம்பித்தன.

அப்புறம் பருவம். பொங்கல் கோலம் பற்றிய பக்கம் ஜனவரி இரண்டாம் வாரத்தில் உச்சிக்குப் போகும், பிப்ரவரியில் யாரும் தேட மாட்டார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவும் அப்படியே. போன வருடம் இதே வாரங்களில் எப்படி இருந்தது என்று பாருங்கள். கூகுள் டிரெண்ட்ஸில் அந்தச் சொல்லைப் போட்டால், உங்கள் தளம் இறங்கியதா, அந்த விஷயத்தைத் தேடுகிறவர்களே குறைந்துவிட்டார்களா என்பது தெரிந்துவிடும்.

வருகை எந்த வழியில் குறைந்தது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஃபேஸ்புக்கிலிருந்தும் வாட்ஸ்அப்பிலிருந்தும் வருகிறவர்கள் குறைந்ததற்குத் தேடல் அப்டேட் காரணமாக முடியாது.

விழுந்த கோட்டின் வடிவமே பாதி விடையைச் சொல்லும். ஒரே நாளில் செங்குத்தாக விழுந்து பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய் நின்றால் பெரும்பாலும் தொழில்நுட்பக் கோளாறு. சில நாள் முதல் இரண்டு மூன்று வாரம்வரை படிப்படியாக இறங்கி, புதிய மட்டத்தில் நிலைகொண்டால் அப்டேட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். பல மாதமாக மெல்ல மெல்லத் தேய்ந்து வந்தால், போட்டி கூடியிருக்கும், அல்லது எழுதியவை பழசாகியிருக்கும்.

அப்டேட் என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது?

எந்தப் பக்கம் எந்தக் கேள்விக்குப் பொருத்தம் என்று முடிவு செய்யும் முறைகளைக் கூகுள் மாற்றிக்கொண்டே இருக்கிறது. 2022-ல் மட்டும் 4,000-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் செய்ததாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்குப் பத்துக்கும் மேல். இவற்றில் பெரும்பாலானவற்றை நாம் உணரவே மாட்டோம். ஆண்டுக்குச் சில முறை, மொத்த மதிப்பீட்டு முறையையும் தொடும் பெரிய மாற்றம் வரும். அதுதான் கோர் அப்டேட்.

2019-ல் கூகுள் இதற்குத் தந்த விளக்கம் எனக்கு இன்னும் பிடித்தது. 2015-ல் சிறந்த 100 படங்கள் என்று ஒரு பட்டியல் போட்டீர்கள். 2019-ல் அதைப் புதுப்பிக்கிறீர்கள். இடையில் நல்ல படங்கள் வந்திருக்கும்; முன்பு கவனிக்காத படத்தின் அருமை இப்போது தெரிந்திருக்கும். பட்டியலில் கீழே போன படம் கெட்டுப்போய்விடவில்லை. அதற்கு மேலே வேறு சில வந்து உட்கார்ந்துவிட்டன, அவ்வளவுதான். எத்தனையோ பேர் "கூகுள் என்னைத் தண்டித்துவிட்டது" என்று சொல்லும்போது உண்மையில் நடந்திருப்பது இதுதான்.

அப்படியானால் தண்டனை என்று ஒன்று கிடையாதா?

உண்டு, அது வேறு. கூகுளில் ஒரு மனிதர் உங்கள் தளத்தைப் பார்த்து, விதிமீறல் என்று முடிவு செய்து, கையால் எடுக்கும் நடவடிக்கை. அப்படி எடுத்தால், தளம் நடத்துகிறவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில், அதற்கென்று உள்ள பக்கத்தில் அறிவிப்பு இருக்கும். தவறைச் சரிசெய்துவிட்டு மறுபரிசீலனை கேட்கலாம். அங்கே ஒன்றும் இல்லை என்றால் உங்கள் மேல் அப்படியொரு நடவடிக்கை இல்லை. யார் என்ன சொன்னாலும் பயப்பட வேண்டாம்.

இதற்குப் பெயர்போன உதாரணம் அமெரிக்காவின் ஜே.சி. பென்னி கடை. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் விசாரித்து எழுதியது: தேடலில் மேலே வருவதற்காக, சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான தளங்களில் அந்தக் கடைக்கு இணைப்புகள் போடப்பட்டிருந்தன. கூகுள் கைவைத்ததும், ஒரு பயணப்பெட்டி வகைக்கான தேடலில் முதல் இடத்தில் இருந்த கடை 71-ஆம் இடத்துக்குப் போனது. சில மணி நேரத்தில் நடந்தது அது. கோர் அப்டேட் இப்படி ஒரு தளத்தைக் குறிவைத்து இறங்காது.

இந்த இரண்டுக்கும் நடுவே ஸ்பாம் அப்டேட் என்று ஒன்று இருக்கிறது. விலைக்கு வாங்கிய இணைப்பு, குவியல் குவியலாக உற்பத்தி செய்த பக்கம் போன்றவற்றைத் தானாகவே கண்டுபிடிக்கும் முறையைக் கூர்மையாக்குவது. உங்களுக்கு அறிவிப்பு வராது, ஆனால் காரணம் உங்களிடம்தான் இருக்கும்.

அப்டேட் எந்த நாளில் வந்தது என்று எங்கே தெரிந்துகொள்வது?

கூகுளின் தேடல் நிலைப் பலகை என்ற பொதுப் பக்கத்தில் தொடங்கிய நாளும் முடிந்த நாளும் போடுகிறார்கள். வதந்தியைப் படிப்பதைவிட அதைப் பார்ப்பது நல்லது. சமீப வருடங்களில் வந்தவற்றில் 2024 மார்ச் 5-ல் தொடங்கியதுதான் மிக நீண்டது. ஏப்ரல் 19 வரை 45 நாள் ஓடியது. அதே ஆண்டு டிசம்பர் 12-ல் தொடங்கியது ஆறே நாளில் முடிந்தது. 2025-ல் மார்ச் 13 முதல் 27 வரை ஒன்று, ஜூன் 30 முதல் ஜூலை 17 வரை இன்னொன்று.

அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது இடங்கள் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். அந்த நாட்களில் எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

சர்ச் கன்சோலில் எதை, எப்படிப் பார்க்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நிஜமான பதில் இங்கேதான் கிடைக்கும்.

அப்டேட் முடிந்து குறைந்தது ஒரு முழு வாரம் பொறுத்திருங்கள். பிறகு, தொடங்குவதற்கு முந்தைய ஒரு வாரத்தையும் முடிந்ததற்குப் பிந்தைய ஒரு வாரத்தையும் ஒப்பிடுங்கள். 2025 ஜூன் அப்டேட்டை எடுத்துக்கொண்டால், ஜூன் 23 முதல் 29 வரை ஒரு பக்கம், ஜூலை 21 முதல் 27 வரை இன்னொரு பக்கம். இரண்டுமே திங்களில் தொடங்கி ஞாயிறில் முடிகின்றன. இது முக்கியம், ஞாயிறைத் திங்களோடு ஒப்பிட்டால் இல்லாத வீழ்ச்சி தெரியும். சர்ச் கன்சோல் அறிக்கையில் வரும் தேதிகள் கலிஃபோர்னியா நேரப்படி என்பதையும் மறக்காதீர்கள். நம் நேரத்தோடு பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருப்பதால் ஒரு நாள் முன்பின்னாகத் தெரியலாம்.

இப்போது மொத்த எண்ணிக்கையை மறந்துவிட்டுப் பக்கம் பக்கமாகப் பாருங்கள். கிளிக் அதிகம் இழந்த பத்துப் பதினைந்து பக்கங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எந்தத் தேடல் சொற்களில் இடம் போயிருக்கிறது என்று எழுதுங்கள். பெரும்பாலும் தளம் முழுக்க விழுந்திருக்காது. நூறு பக்கம் உள்ள தளத்தில் ஏழெட்டுப் பக்கம்தான் மொத்த வீழ்ச்சியையும் சுமந்துகொண்டிருக்கும். மருத்துவக் குறிப்புகள் விழுந்து சமையல் குறிப்புகள் அப்படியே நிற்கலாம். அது ஒரு தெளிவான செய்தி.

எவ்வளவு விழுந்தது என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாம் இடத்திலிருந்து நான்காம் இடத்துக்குப் போனால் அது சிறிய இறக்கம். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் பக்கத்தில் கைவைக்காதீர்கள் என்றுதான் கூகுளே சொல்கிறது. நான்காம் இடத்திலிருந்து இருபத்தொன்பதுக்குப் போனால் அந்தப் பக்கத்தை, ஏன் மொத்தத் தளத்தையும் நேர்மையாக மறுபடி படித்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, இழந்த தேடல் சொல்லை நீங்களே தேடிப் பாருங்கள். உங்களுக்கு மேலே இப்போது யார் இருக்கிறார்கள்? உங்களைவிட நல்ல பக்கமா? அரசு அலுவலகத்தின் பக்கமா? வீடியோவா? விவாதக் களமா? உங்கள் கட்டுரையில் குறை இல்லாவிட்டாலும், அந்தக் கேள்விக்கு வீடியோதான் பொருத்தம் என்று கூகுள் முடிவு செய்திருந்தால் கட்டுரையை எத்தனை முறை திருத்தினாலும் பயன் இல்லை. இந்த ஒரு காரியத்தைச் செய்யாமலே திருத்த ஆரம்பிக்கிறவர்கள்தான் அதிகம்.

கிளிக் அப்படியே இருக்கிறது, இம்ப்ரெஷன் (தேடல் முடிவுகளில் நம் பக்கம் காட்டப்பட்ட எண்ணிக்கை) மட்டும் சரிந்துவிட்டது. என்ன அர்த்தம்?

2025 செப்டம்பர் நடுவில் சரிந்திருந்தால் பதற வேண்டாம். தேடல் முடிவுகளை ஒரே பக்கத்தில் நூறாகப் பார்க்க உதவிய ஒரு வசதியைக் கூகுள் அப்போது நிறுத்தியது. தரவரிசையைக் கண்காணிக்கும் கருவிகள் அதைப் பயன்படுத்தித்தான் ஆழத்தில் இருந்த முடிவுகளையும் எடுத்துக்கொண்டிருந்தன. அவற்றின் பார்வையும் நம் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. அது நின்றதும் பல தளங்களில் இம்ப்ரெஷன் குறைந்து, சராசரி இடம் உயர்ந்ததாகக் காட்டியது. மனித வாசகர் யாரும் குறையவில்லை.

பாண்டா, பென்குயின் என்று பழைய கூகுள் அப்டேட்டுகளைப் பற்றி இன்னும் பேசுகிறார்களே, அவை இப்போதும் இருக்கின்றனவா?

தனியாக இல்லை, உள்ளே கரைந்துவிட்டன. ஆனால் இன்றைய அப்டேட்டுகள் என்ன தேடுகின்றன என்பது புரிய வேண்டுமானால் அந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும்.

2010 வாக்கில் இணையத்தில் 'உள்ளடக்கப் பண்ணைகள்' பெருகியிருந்தன. மக்கள் என்ன தேடுகிறார்கள் என்று பார்த்து, அந்தச் சொற்களைத் தலைப்பாக வைத்து, குறைந்த கூலிக்கு ஆயிரக்கணக்கில் கட்டுரை எழுதவைப்பார்கள். விஷயம் தெரிந்தவர் எழுதினாரா என்பது அவர்களுக்கு முக்கியமில்லை. இவற்றைக் கீழே தள்ளத்தான் 2011 பிப்ரவரி கடைசியில் அமெரிக்காவில் பாண்டா வந்தது, அங்கே 11.8 சதவீதத் தேடல்களில் முடிவுகள் மாறின. விலங்கின் பெயர் என்று நினைப்போம், ஆனால் அது நவ்நீத் பாண்டா என்ற பொறியாளரின் பெயர். அதே ஏப்ரலில் உலகெங்கும் ஆங்கிலத் தேடலுக்கும், ஆகஸ்டில் சீனம், ஜப்பானியம், கொரியம் தவிர்த்த மற்ற மொழிகளுக்கும் வந்தது. ஆக, தமிழ்த் தளங்களுக்கும் பாண்டாவின் காலம் 2011 ஆகஸ்டில் தொடங்கிவிட்டது. அந்த மே மாதம் கூகுள் 23 கேள்விகளை வெளியிட்டது. 'இந்தக் கட்டுரையில் உள்ள தகவலை நீங்கள் நம்புவீர்களா?' என்பது முதல் கேள்வி. பதினைந்து வருடம் கழித்து இன்றைக்கும் ஒரு தளத்தை மதிப்பிட அந்த ஒரு கேள்வியில்தான் நான் ஆரம்பிக்கிறேன்.

2012 ஏப்ரல் 24-ல் வந்த பென்குயின், இணைப்புகளைக் குறிவைத்தது. ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதம் பாதிக்கப்பட்டது. அப்போது கொடுமை என்னவென்றால், விழுந்தவர்கள் தவறைத் திருத்தினாலும் அடுத்த பென்குயின் ஓடும்வரை காத்திருக்க வேண்டும். 2014 அக்டோபருக்கும் 2016 செப்டம்பருக்கும் இடையே அந்தக் காத்திருப்பு ஏறக்குறைய இரண்டு வருடம் நீண்டது. எத்தனை சிறு தொழில்கள் அதற்குள் கதவை மூடியிருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. 2016-க்குப் பிறகு அது உடனுக்குடன் இயங்கும் முறையாக மாறியது.

2018 ஆகஸ்டில் வந்த கோர் அப்டேட் உடல்நலம், பணம் பற்றிய தளங்களை அதிகம் உலுக்கியது. அதனால் வெளியே அதற்கு 'மெடிக்' என்று பெயர் வைத்தார்கள். 2022 ஆகஸ்டில், தேடுபொறிக்காகவே எழுதப்பட்டவற்றைக் கீழே தள்ளும் முறை ஆங்கிலத்துக்கு வந்தது. டிசம்பரில் எல்லா மொழிகளுக்கும் விரிந்தது. 2024 மார்ச்சில் அதுவும் கோர் முறைக்குள் கலந்துவிட்டது.

நான் நேர்மையாக எழுதுகிறேன், காப்பி அடித்ததில்லை, இணைப்பு வாங்கியதில்லை. பிறகும் ஏன் விழுந்தேன்?

இந்தக் கேள்விக்கு 'இன்னும் நன்றாக எழுதுங்கள்' என்று பதில் சொல்வது நியாயமே இல்லை. நல்ல தளங்களும் விழுந்திருக்கின்றன.

மெட்டாஃபில்டர் என்று ஒரு பழைய சமூகத் தளம் 1999-லிருந்து இருக்கிறது. கேள்வி கேட்பதற்கும் பதில் சொல்வதற்கும் அங்கே ஒழுங்கு உண்டு, காவல் காக்க ஆட்கள் உண்டு. 2012 நவம்பரில் ஒரு நாள் அதன் தேடல் வருகையில் 40 சதவீதம் போனது. காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. விளம்பர வருமானம் சரிந்துகொண்டே போய், 2014 மே மாதம் ஊழியர்களை அனுப்ப வேண்டிய நிலை வந்தது. அதன் நிறுவனர் மேட் ஹாகி இதையெல்லாம் வெளிப்படையாக எழுதிய பிறகுதான் கூகுள் தரப்பில் மேட் கட்ஸ் பேசினார். தளத்தின் மேல் அல்காரிதம் மாற்றம் ஒன்றின் பாதிப்பு இருந்ததை ஒப்புக்கொண்டார்.

பத்து வருடம் கழித்து ஹவுஸ்ஃபிரெஷ். காற்றுச் சுத்திகரிப்பான்களைத் தாங்களே வாங்கி, ஓட்டிப் பார்த்து, அளந்து எழுதும் சிறிய தளம். 2024 பிப்ரவரியில் அவர்கள் எழுதியதை உலகம் முழுக்கப் படித்தார்கள்: பொருளைத் தொட்டே பார்க்காத பெரிய பத்திரிகைப் பெயர்கள் தங்களுக்கு மேலே நிற்கின்றன என்று. அந்த வசந்த காலத்துக்குள் தங்கள் தேடல் வருகையில் 91 சதவீதத்தை இழந்துவிட்டதாகச் சொன்னார்கள். 2024 ஆகஸ்ட் கோர் அப்டேட்டை அறிவித்தபோது, சிறிய தளங்களை நடத்துகிறவர்கள் சொன்னதைக் கணக்கில் எடுத்திருக்கிறோம் என்று கூகுள் எழுதியது. சிலர் ஓரளவு மீண்டார்கள். எல்லாரும் மீளவில்லை.

இதைச் சொல்வது உங்களை மனம் தளரவைக்க அல்ல. உங்கள் தவறல்லாத ஒன்றுக்கு உங்களையே குற்றம் சாட்டிக்கொண்டு, நன்றாக இருக்கும் தளத்தைப் பிய்த்துப்போட வேண்டாம் என்பதற்காக.

சரி, விழுந்துவிட்டது. முதல் வாரம் என்ன செய்வது?

தேதியைக் குறியுங்கள், மேலே சொன்னபடி பக்கங்களைப் பிரித்துப் பாருங்கள், வேறொன்றும் செய்யாதீர்கள். செய்யக்கூடாதவைதான் அதிகம். பழைய கட்டுரைகளைக் கும்பலாக அழிக்காதீர்கள். அழிப்பது, அந்தப் பக்கத்தை எந்த வகையிலும் காப்பாற்ற முடியாது என்ற நிலையில்தான். முகவரிகளை மாற்றாதீர்கள். உள்ளே ஒரு வரிகூட மாற்றாமல் வெளியிட்ட தேதியை மட்டும் புதுசாக்காதீர்கள். உங்கள் தளத்துக்கு மற்ற தளங்கள் தந்த நூற்றுக்கணக்கான இணைப்புகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று பயத்தில் கூகுளுக்குப் பட்டியல் அனுப்பாதீர்கள். கையால் எடுத்த நடவடிக்கை இல்லாத தளங்களுக்குப் பெரும்பாலும் அது தேவையே இல்லை.

அப்புறம் எதைத் திருத்துவது?

விழுந்த பக்கங்களில் மிக முக்கியமான ஒன்றை எடுத்து, உங்கள் துறையைப் பற்றித் தெரிந்த, உங்களுக்குப் பயப்படாத ஒருவரிடம் கொடுங்கள். 'இதைப் படித்த பிறகு இன்னொரு பக்கத்தைத் தேடத் தோன்றியதா?' என்று மட்டும் கேளுங்கள். தோன்றியது என்றால் எதற்காக என்று கேளுங்கள். அந்தப் பதிலில் உங்கள் வேலை இருக்கிறது.

நான் அதிகம் பார்க்கும் குறைகள் எளிமையானவை. பாஸ்போர்ட் விண்ணப்பம் பற்றிய பக்கத்தில், பாஸ்போர்ட் என்றால் என்ன என்று நான்கு பத்தி ஓடும். எந்த ஆவணம் வேண்டும் என்பது கீழே புதைந்து கிடக்கும். கட்டணம் மாறி வருடமாகியிருக்கும், பக்கத்தில் பழைய தொகை இருக்கும். செய்முறை எழுதியிருப்பார்கள், அவர்களே செய்ததற்கு ஒரு படம்கூட இருக்காது. யார் எழுதினார், அவருக்கு இதில் என்ன பழக்கம் என்று எங்கேயும் இருக்காது. ஒரே கேள்விக்கு ஐந்து பக்கம் இருக்கும். அவை ஒன்றோடொன்று போட்டி போடும். அவற்றை நல்ல ஒரே பக்கமாகச் சேர்த்து, மற்றவற்றை அதற்குத் திருப்பிவிடலாம்.

எத்தனை நாளில் பழைய நிலைக்கு வரும்?

சில மாற்றங்களின் பலன் சில நாட்களில் தெரியும். தளம் முழுவதன் தரம் பற்றிய மதிப்பீடு மாற வேண்டும் என்றால் பல மாதம் ஆகலாம். அடுத்த கோர் அப்டேட் வரை காத்திருக்க வேண்டியும் வரலாம். இடையில் அறிவிக்காமல் சிறிய கோர் அப்டேட்டுகளும் நடக்கின்றன, அதனால் நடுவிலேயே ஏற்றம் வருவதும் உண்டு. பழைய எண்ணிக்கை அப்படியே திரும்பும் என்று யாராலும் உறுதி தர முடியாது.

அனுபவம், நிபுணத்துவம், நம்பகம் என்று ஏதோ மதிப்பெண் இருக்கிறதாமே?

மதிப்பெண் கிடையாது. தேடல் முடிவுகளின் தரத்தைச் சோதிக்க உலகெங்கும் ஆயிரக்கணக்கான மதிப்பீட்டாளர்களைக் கூகுள் வைத்திருக்கிறது. அவர்களுக்கான வழிகாட்டியில் வரும் சொற்கள் இவை. அவர்கள் தரும் மதிப்பீடு உங்கள் இடத்தை நேரடியாக மாற்றாது. புதிய முறை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க உதவும். 2022 டிசம்பரில் அந்த வழிகாட்டியில் 'அனுபவம்' புதிதாகச் சேர்ந்தது. நிபுணத்துவம், அதிகாரம், நம்பகம் முன்பே இருந்தவை. இவற்றில் நம்பகம்தான் மையம்.

பக்கத்தின் வேகத்தைக் கூட்டினால் போதுமா?

போதாது. முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் அசைய வேண்டும், படிக்கும்போது வரிகள் துள்ளக்கூடாது. வாசகருக்காக இவற்றைச் செய்யுங்கள். கோர் அப்டேட்டில் விழுந்த பக்கத்தை வேகம் மட்டும் தூக்கி நிறுத்தியதை நான் பார்த்ததில்லை.

ஏஐ எழுதித் தந்ததைப் போட்டால் ஆபத்தா?

எப்படி எழுதப்பட்டது என்பதைவிட எப்படி இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறோம் என்று 2023 பிப்ரவரியில் கூகுள் சொன்னது. 2024 மார்ச்சில் விதி இன்னும் தெளிவானது: தேடலில் இடம் பிடிப்பதற்காகவே, பயனில்லாத பக்கங்களைப் பெருமளவில் உற்பத்தி செய்தால் அது ஸ்பாம். இயந்திரம் எழுதினாலும் மனிதர் எழுதினாலும் ஒன்றுதான். ஆங்கிலக் கட்டுரைகளை இயந்திரத்தில் போட்டுத் தமிழாக்கி, படித்துக்கூடப் பார்க்காமல் நாளுக்கு ஐம்பது போடும் தளங்கள் இதில் நேரே வந்து சிக்கும். அந்தத் தமிழைப் படிக்கும் வாசகருக்கு நாம் செய்யும் அவமரியாதைதான் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது.

என் இடம் மாறவில்லை. மூன்றாம் இடத்திலேயே இருக்கிறேன். ஆனாலும் கிளிக் குறைகிறது, ஏன்?

முடிவுப் பக்கத்தின் தோற்றம் மாறியிருக்கும். மேலே விளம்பரம், வீடியோ, கேள்விப் பெட்டி, இப்போது ஏஐ தொகுத்துத் தரும் பதில். அந்த ஏஐ பதில் 2024 மே மாதம் அமெரிக்காவிலும் ஆகஸ்டில் இந்தியாவிலும் வந்தது. அக்டோபரில் தமிழுக்கும் வருவதாக அறிவித்தார்கள். 'ஒரு ஏக்கர் என்பது எத்தனை சென்ட்' என்று தேடுகிறவருக்கு மேலேயே '100' என்று பதில் கிடைத்துவிட்டால் உங்கள் பக்கத்தைத் திறக்க அவருக்குக் காரணம் இல்லை. ஏஐ பதிலிலிருந்து வரும் கிளிக்குகளைச் சர்ச் கன்சோல் தனியாகப் பிரித்தும் காட்டுவதில்லை. இதை அப்டேட் பாதிப்பு என்று நினைத்துப் பக்கத்தைத் திருத்தினால் உழைப்பு வீண். ஒரு வரியில் முடியும் கேள்விகளை நம்பியிருந்த தளங்கள், ஒரு வரியில் முடியாத கேள்விகளுக்கு நகர வேண்டியிருக்கிறது. நிலத்தை அளக்கும்போது வரும் தகராறு, பட்டாவில் இருப்பதும் தரையில் இருப்பதும் பொருந்தாதபோது யாரிடம் போவது, இப்படி.

தமிழ்த் தளங்களையும் இந்த அப்டேட்டுகள் தொடுமா?

தொடும். கோர் அப்டேட் எல்லா நாடுகளுக்கும் எல்லா மொழிகளுக்கும் பொது. சொற்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் வாக்கியத்தின் பொருளைப் பார்க்கும் பெர்ட் என்ற முறை 2019 டிசம்பரில் எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு வந்தபோது தமிழும் அதில் இருந்தது. நம் மொழியில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். 'சென்னையிலிருந்து மதுரைக்கு' என்பதும் 'மதுரையிலிருந்து சென்னைக்கு' என்பதும் தலைகீழ். அதைப் புரிந்துகொள்ளும் தேடுபொறிக்குக் கீவேர்டை, அதாவது தேடல் சொல்லை, பத்து முறை திணித்த பக்கம் தேவையில்லை.

'ஒரே மாதத்தில் மீட்டுத் தருகிறோம்' என்று பணம் கேட்கிறார்களே?

முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. எந்தப் பக்கங்கள், எந்தச் சொற்கள், எந்தத் தேதி என்று காட்டாமல் விலை சொல்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள். 'ஆயிரம் பேக்லிங்க்' (மற்ற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு இணைப்பு) என்ற பேச்சு வந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்த அப்டேட் வருவதற்குள் என்ன தயார் செய்து வைப்பது?

ஒரு நோட்டு போடுங்கள். டெம்ப்ளேட் மாற்றிய நாள், ஹோஸ்டிங் மாற்றிய நாள், பெரிய கட்டுரையைத் திருத்திய நாள், கூகுள் அறிவித்த நாள், எல்லாம் அதில் ஏறட்டும். அடுத்த முறை கோடு சரிந்தால் பாதி விசாரணை அங்கேயே முடியும். வாசகர்களின் மின்னஞ்சலை அவர்கள் சம்மதத்தோடு சேர்த்து வையுங்கள். ஐந்நூறு பேர் இருந்தால்கூட, தேடல் கைவிட்ட வாரத்தில் உங்கள் எழுத்தை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கைத்தான் வைத்திருக்கும், அதற்கு முந்தையது மறைந்துவிடும். அதனால் மாதம் முதல் தேதி உட்கார்ந்து, பக்கங்கள், தேடல் சொற்கள் இரண்டின் பட்டியலையும் இறக்கி உங்கள் கணினியில் வைத்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.